ஆறேகால் வண்டி

வக்கீலின் அறையில் மூன்று சுவர்களைச் சட்டப் புத்தகங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த சுவரை வக்கீல் அடைத்துக்கொண்டிருந்தார். புத்தகங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே சிவப்பு, ஒரே தூசி. பல வருஷங்களாக யாரும் கை வைக்காததால் அவை இன்னும் புதுசாகவே இருந்தன.

“சார், முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கங்க. விவாகரத்து வேற, குழந்தை வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டி உறவை கோர்ட் முறிக்கலாம். பெத்தவங்க பிள்ளை உறவை எந்தக் கோர்ட்டும் முறிக்க முடியாது” என்றார் வக்கீல். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருப்பவர்போல ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கைதட்டவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் பதினெட்டு வருஷமாகக் கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்பதை அவருடைய பென்சில்தான் தீர்மானித்தது. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. டிப்போவில் எல்லாருக்கும் அவர் ‘அட்டவணைக்காரர்’தான்.

“அந்தம்மா உங்களைக் கொடுமைப்படுத்தினாங்களா?” என்று வக்கீல் ஆசையோடு கேட்டார்.

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒரு தடவை என் கைக்கடிகாரத்தைச் சட்டையோட சேர்த்து மெஷின்ல போட்டுத் துவைச்சுட்டா.”

வக்கீல் ‘மன உளைச்சல்’ என்று எழுதிக்கொண்டார். அட்டவணைக்காரர் எட்டிப் பார்த்து, அதை அடிக்கச் சொன்னார். வக்கீல் ஒரு நல்ல வழக்கு கைநழுவிப்போகிற வருத்தத்தோடு அடித்தார்.

உண்மையில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. குடி இல்லை, அடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் பேச வேண்டியதை இருவரும் பேசித் தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருந்தது சண்டை. போன வருஷம் அதுவும் தீர்ந்துபோயிற்று. மனைவி பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்ப்பவள். அடுத்தவர் வாயில் மயிரிழை பிசகாமல் பல்லைப் பொருத்துகிற கை. ஒரு நாள் அவளே, “நாம ரெண்டு பேரும் நல்ல பல்லுதான். ஒரே வாயில பொருந்தல, அவ்வளவுதான்” என்றாள். அதற்கு மேல் காரணம் சொல்ல அட்டவணைக்காரருக்கும் தெரியவில்லை. ஆறு மாதமாக வேறு வேறு வீட்டில் இருந்தார்கள். மகள் அம்மாவோடு இருந்தாள். எட்டு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள்.

“ரெண்டு பேரும் சம்மதிச்சா விவாகரத்து சுலபம். சேர்ந்து மனு போடணும், சட்டம் சொல்ற காலம் காத்திருக்கணும், மறுபடி போய் மனசு மாறலன்னு கையெழுத்துப் போடணும். குழந்தை விஷயம்தான் இழுக்கும். குழந்தை யாரோட இருக்கணும், மத்தவர் எப்பப் பாக்கலாம், படிப்பு, வைத்தியம் மாதிரிப் பெரிய முடிவெல்லாம் யார் எடுக்கிறதுன்னு தனித்தனியா எழுதணும். அதுல கோர்ட் உங்க உரிமையையும் பாக்காது, அவங்க உரிமையையும் பாக்காது. குழந்தையோட நலனைத்தான் பாக்கும்.”

“எனக்குப் பாதி வேணும்.”

“பாதின்னு சட்டத்துல எங்கயும் இல்லையே சார்.”

“பாதிக்குக் கொறஞ்சா நான் விருந்தாளி ஆயிடுவேன்.” அட்டவணைக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். “ஞாயித்துக்கிழமை பலூனோட போய் நிக்கிற மாமா மாதிரி. எனக்கு அது வேண்டாம்.”

அந்த அறைக்குள் அவர் கொண்டுவந்திருந்த ஒரே பயம் அதுதான். மற்ற எதற்கும் அவரிடம் ஒரு கட்டம் போட்ட தாள் இருந்தது.

வக்கீல் சமாதானமாக ஒரு வரைவை நீட்டினார். ‘ஏற்ற நேரங்களில், ஏற்ற கால அளவுக்கு, ஏற்ற முறையில் தந்தை குழந்தையுடன் இருக்கலாம்’ என்று அதில் இருந்தது. அட்டவணைக்காரர் இரண்டு தடவை படித்தார்.

“சார், ஒரு பஸ் ஸ்டாப்புல ‘ஏற்ற நேரத்தில் பஸ் வரும்’னு எழுதிப் போட்டா ஜனங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா?”

“என்ன பண்ணுவாங்க?”

“போர்டை உடைப்பாங்க.”

குடும்ப நீதிமன்றத்தில் ஓர் ஆலோசகர் அம்மாள் இருந்தார். சண்டை போடுகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவது அவர் வேலை. “உணர்வுகளை மேசைமேல் வைப்போம்” என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வாசகம். மேசைமேல் ஏற்கெனவே இரண்டு அடி உயரத்துக்குக் கோப்புகள் இருந்ததால் உணர்வுகளை வைக்க இடமில்லை. கடைசியில் அவர், குழந்தை எந்த நாள் எங்கே இருக்கும் என்று ஆளுக்கொரு திட்டம் எழுதிவரச் சொன்னார். இரண்டு வாரம் அவகாசம்.

அட்டவணைக்காரருக்கு இரண்டு நாள் போதுமாயிருந்தது. டிப்போ மேசையில் பெரிய தாளை விரித்து, அளவுகோலும் நான்கு நிறப் பேனாக்களுமாக உட்கார்ந்தார். பஸ் அட்டவணைக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. எந்த நிறுத்தத்திலும் ஜனம் ரொம்ப நேரம் காத்திருக்கக் கூடாது. அதே விதிதான் இங்கேயும். அப்பா ஒரு நிறுத்தம், அம்மா ஒரு நிறுத்தம். இருவரில் யாரும் ஒரு நாளைக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அப்படியென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் மாலை ஆறேகாலுக்கு ஒரு வீட்டிலிருந்து புறப்பாடு. வழியில் பன்னிரண்டு நிமிடம், நெரிசலுக்கு மூன்று நிமிடம், ஆறரைக்கு மறு வீடு. மழைக்கு ஓர் ஏற்பாடு, காய்ச்சலுக்கு ஓர் ஏற்பாடு. கடைசியில், கிளம்புகிற வீட்டுக்காரர் நிரப்ப, டிப்போப் பழக்கத்தில் நான்கு பத்திகள்: தயாரான நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், குறிப்பு.

டிரைவர் ஒருவர் எதற்கோ கையெழுத்து வாங்க வந்து தாளைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவர். போன மாதம் ஒரு வண்டியை நான்கு நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிட்டு, வேலையிலிருந்து ஒரு வாரம் நிறுத்திவைக்கப்பட்டவர். வண்டி தாமதமானால் டிப்போவில் காரணம் எழுதிக் கொடுத்தால் போதும். முன்னால் கிளம்பினால் காரணமே கேட்க மாட்டார்கள், தண்டனைதான். தாமதமாக வருகிற வண்டி, எப்படியும் வந்து சேருகிற வண்டி. முன்னால் போய்விட்ட வண்டி, அங்கே நிற்கிற ஜனத்துக்கு இல்லாத வண்டி. புதிதாக வருகிற டிரைவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவரே அட்டவணைக்காரர்தான்.

“என்ன ரூட்டு சார் இது? ஒரே வண்டி, ரெண்டு டிப்போ?” என்றார் டிரைவர்.

“இது சொந்த வேலை.”

“நம்ம வண்டிகளுக்கும் இவ்வளவு அழகாப் போட்டிருக்கலாம்ல” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஆலோசகர் அம்மாள் அந்தத் தாளைப் பார்த்து அசந்துபோனார். உணர்வுகளை யாரும் இவ்வளவு சுத்தமாகக் கோடு போட்டுக் கொண்டுவந்ததில்லை. மனைவி கொண்டுவந்தது, பல் கூடத்தின் ஆர்டர் சீட்டுக்குப் பின்பக்கம் எழுதிய ஒரே வரி: ‘எனக்கும் இவள் வேண்டும், எப்படி என்று தெரியவில்லை.’

“அவரோட திட்டத்தைப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டார் ஆலோசகர்.

மனைவி பார்த்தாள். பதினோரு வருஷம் அந்தக் கட்டங்களோடு குடித்தனம் நடத்தியவள். “நல்லாத்தான் இருக்கு. நடுவுல டீ குடிக்க எங்க நிக்கும்?”

“எது?” என்றார் அட்டவணைக்காரர்.

“வண்டி.”

குத்தல் பேச்சு என்று மூன்று பேரும் எடுத்துக்கொண்டார்கள். சொன்னவளே அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நான்கு வாரம் நடத்திப் பார்க்கலாம் என்று நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டார். உத்தரவில் ஆறு மணி பதினைந்து நிமிடம் என்று தெளிவாக இருந்தது. ஒரு நீதிமன்றம் தன் அட்டவணைக்கு முத்திரை குத்தியது அட்டவணைக்காரருக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

முதல் வாரம் வாண்டுக்கு எல்லாம் விளையாட்டு. பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, “ரைட், ரைட், போலாம்!” என்று கத்துவாள். தெருமுனையில் “ஒரு ஆள் எறங்கணும்” என்பாள். அட்டவணைக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்வார். அதற்குத்தான் அந்த மூன்று நிமிடம்.

இரண்டாவது வாரம் அவள் மணி கேட்க ஆரம்பித்தாள்.

“மணி என்னப்பா?”

“அஞ்சரை.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “இப்ப?”

தன் ரத்தம் பேசுகிறது என்று அவர் பூரித்துப்போய் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். நொடி முள் வைத்தது. அதன்பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் ஐந்நூறு துண்டு கொண்ட படப் புதிர் ஒன்றை அவர் வாங்கிவந்தார். யானைக் கூட்டம். வாண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

“ஆரம்பிக்கலையா?”

“வேணாம்ப்பா. ஆரம்பிச்சா முடியாது. பாதியில கலைக்கணும்.”

“கலைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.”

“நாளைக்கு நான் இருக்க மாட்டேனே.”

சொல்லிவிட்டுப் போய் ஷூவை மாட்டிக்கொண்டு வாசல்படி ஓரம் பையின்மேல் உட்கார்ந்தாள். அட்டவணைக்காரர் தாளை எடுத்து ‘தயாரான நேரம் 5.49’ என்று எழுதினார். குறிப்பு என்ற பத்தியில் ‘ஒழுங்கு பாராட்டத்தக்கது’ என்று சேர்த்தார்.

நான்கு வாரம் முடிந்தது. இருபத்தெட்டு ஓட்டம். இருபத்தேழு, சொன்ன நேரத்துக்கு. ஒன்று மட்டும் நான்கு நிமிடம் தாமதம், குறுக்கே ஒரு லாரி நின்றுபோனதால். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி நான்கு. டிப்போ தன் வாழ்நாளில் எழுபத்தெட்டைத் தாண்டியதில்லை.

விசாரணை நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் வக்கீல் உற்சாகத்தில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். “சார், தொண்ணூத்தாறு! என் அனுபவத்துல இப்படி ஒரு ஆதாரம் பாத்ததில்ல. பாதி இனி உங்க சட்டைப்பைல. நான் இருபத்திரண்டு பக்கத்துக்கு வாதம் எழுதி வச்சிருக்கேன். கடைசிப் பக்கத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

“அவளோட தாளையும் வாங்கிச் சேர்த்துடறேன். ரெண்டும் சேர்ந்தாத்தான் கணக்கு முழுசாகும்.”

மனைவி அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டிலிருந்து கிளம்பிய பதினான்கு நாளுக்கும் அவள் பொடி எழுத்தில் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தாள். பல் ஆர்டர் எழுதினாலும் அவள் எழுத்து அப்படித்தான் இருக்கும். அவர் தன் தாளையும் அவள் தாளையும் மடியில் வைத்துக்கொண்டு, தேதிவாரியாக ஒன்றாக்கிப் புதுத் தாளில் எழுத ஆரம்பித்தார். புறப்பட்ட நேரம் எல்லாம் 6.15, 6.15, 6.15. பார்க்கவே கண் குளிர்ந்தது. அப்புறம் முதல் பத்தி, தயாரான நேரம்.

6.13, 6.12, 6.13, 6.11.

பத்தியை மேலிருந்து கீழாகப் படிப்பது அவர் தொழில். குறுக்காகப் படிக்கிறவனுக்கு ஒரு நாள்தான் தெரியும், நெடுக்காகப் படிக்கிறவனுக்கு வண்டியின் குணம் தெரியும். இதுவரை பாதித் தாளைத்தான் அவர் படித்திருந்தார்.

6.04, 6.02, 5.58, 5.55, 5.49, 5.47.

கடைசி வரிசை 5.20, 5.16.

பென்சில் நின்றுவிட்டது. எழுதினது சரிதானா என்று இரண்டு தாளையும் ஒரு தடவை ஒத்துப்பார்த்தார். சரிதான்.

“உன் வீட்லயுமா?” என்று கேட்டார்.

“என்னது?”

“ஷூ போட்டுக்கிட்டு…”

“ம். ஒரு மணி நேரம் முன்னாடியே வாசல்ல போய் உக்காந்துக்குவா. டிவி போட்டாக்கூட வர மாட்டா.” அவள் தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்ககிட்ட வர்றதுக்கு அவ்வளவு ஆசையாக்கும்னு நெனச்சேன். ரெண்டு மூணு நாளு அழுகைகூட வந்துச்சு.”

“நானும் அதேதான் நெனச்சேன். உன்கிட்ட வர்றதுக்குன்னு.”

“ஆசைன்னா ஒரு பக்கம்தான சீக்கிரம் கிளம்பணும்?”

அவர் மறுபடி முதல் பத்தியைப் பார்த்தார். டிரைவர்களுக்கு நடத்துகிற பாடம் நினைவுக்கு வந்தது. தயாராகி வாசலில் நிற்கிற வண்டி, அந்த வீட்டில் இல்லாத வண்டி. இருபத்தெட்டு நாளும் இரண்டு நிறுத்தத்திலும் யாரும் காத்திருக்கவில்லை. வண்டி ஒன்றுதான் காத்துக்கொண்டிருந்தது.

அழைத்தார்கள்.

வக்கீல் எழுந்து, தொண்டையைச் செருமி, இருபத்திரண்டு பக்கத்தில் முதல் பக்கத்தைத் திறந்தார். “கனம் நீதிபதி அவர்களே, தந்தை எனும் சொல்லுக்கு…”

“சார், ஒரு நிமிஷம்” என்று அட்டவணைக்காரர் எழுந்தார். வக்கீலின் வாய் திறந்தபடியே இருந்தது. “அட்டவணையில தப்பு இருக்குங்க. வாபஸ் வாங்கிக்கிறேன்.”

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தானே நடந்திருக்கு? தொண்ணூத்தாறு சதவீதம்னு போட்டிருக்கீங்க.”

“நேரம் சரிதாங்க. ஓட்டம் தப்பு.” ஒன்றாக்கிய தாளை நீட்டினார். “முதல் பத்தியை மட்டும் மேலேர்ந்து கீழப் பாருங்க. பொண்ணு என் வீட்டுல இருந்தாலும் கிளம்பிக்கிட்டே இருக்கா. அவங்க வீட்டுலயும் அதேதான்.”

நீதிபதி பார்த்தார். ஆலோசகர் அம்மாளும் எட்டிப் பார்த்தார்.

“சரி, என்ன கேக்கறீங்க?”

“ஸ்கூல் நாளெல்லாம் அவ அம்மாகிட்ட இருக்கட்டும். ஸ்கூல் அங்கேர்ந்து ரெண்டு தெருதான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை ஸ்கூல்லேர்ந்து நான் கூட்டிட்டுப் போறேன், திங்கக்கிழமை ஸ்கூல்ல விட்டுடறேன். பெரிய லீவுல பாதி, ஒரே நீட்டா. வாசல்ல கைமாத்தறது இனிமே கிடையாது.”

“கையில இருக்கிறதைவிடக் கம்மியாக் கேக்கறீங்க. அது புரியுதா?”

“புரியுதுங்க.” கொஞ்சம் யோசித்து, “படிப்பு, வைத்தியம் இதெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு எடுக்கணும். அதை மட்டும் எழுதிடுங்க. ‘ஏற்ற’ன்னு எங்கயும் போட வேண்டாம்.”

நீதிபதி மனைவியின் பக்கம் திரும்பினார். அவள், “அப்படியே எழுதுங்க. லீவுல பாதிக்கு மேல இருக்கணும்னு அவ கேட்டா, இருக்கட்டும்” என்றாள்.

“குழந்தை விஷயத்துல எந்த உத்தரவும் கடைசி உத்தரவு இல்ல. நிலைமை மாறினா ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் திரும்ப வரலாம்” என்று சொல்லி நீதிபதி எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் வக்கீலுக்குப் பேச்சு திரும்பிற்று. “ஜெயிச்ச கேஸை எழுந்து நின்னு தோத்தவர் நீங்க ஒருத்தர்தான் சார். இந்த இருபத்திரண்டு பக்கத்தை நான் என்ன பண்றது?”

“தேதியை மாத்திட்டு அடுத்தவருக்கு வச்சுக்கங்க.”

வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. யோசனை அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் அட்டவணைக்காரர் கையில் பலூன் எதுவும் இல்லாமல் நின்றார். வாண்டு வந்தாள். வீட்டுக்குப் போனார்கள். ஐந்து மணிக்கு அவள் கழற்றின ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“மணி ஆகுதே.”

“இன்னிக்கு வண்டி இல்ல. திங்கக்கிழமை காலையிலதான்.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். நம்பின மாதிரித் தெரியவில்லை. அவர் வற்புறுத்தாமல் உள்ளே போய் வெங்காயம் நறுக்கினார். அடுப்படியிலிருந்து அவள் முதுகும் கடிகாரம் கட்டின கையும் தெரிந்தன. ஆறு மணி ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. அவர் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு இருபதுக்கு அவள் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஆறரைக்குச் சுவரில் ஏதோ மோதுகிற சத்தம் கேட்டது. ஒரு ஷூ. கொஞ்சம் பொறுத்து, சத்தமே இல்லாமல் இன்னொன்று எங்கோ போய் விழுந்தது. அப்புறம் அலமாரிக் கதவு திறந்தது. ஐந்நூறு துண்டு தரையில் கொட்டுகிற ஓசை பெரிய மழை மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை யானைக் கூட்டத்தில் இரண்டு யானைக்கு மட்டும் தும்பிக்கை இல்லை. வாண்டுக்கு ஒரு ஷூ இல்லை.

“எங்க போட்ட?”

“நீதான் பாத்துக்கிட்டு இருந்த!”

கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், துணிக் கூடையில் தேடினார்கள். கடைசியில் அது செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் கிடந்தது. பள்ளிக்கூடத்தை அடைந்தபோது வாயிற்கதவு சாத்தியிருந்தது. காவலாளி ஒரு பதிவேட்டை நீட்டினார். வந்த நேரம், தாமதம், காரணம். வாண்டு குனிந்து கதவுக்கு அடியிலேயே நுழைந்து ஓடிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினெட்டு வருஷமாக அடுத்தவர் எழுதின காரணங்களைப் படித்தவர், நிறுத்தி நிதானமாக, ‘ஒரு ஷூ காணாமற்போனது’ என்று எழுதினார். காவலாளி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தாமதம் என்ற பத்தியில் பத்து நிமிடம் என்று போட்டார்.

“ஒம்பது. திருத்துங்க” என்றார் அட்டவணைக்காரர்.